பீரோ மேல் ஏறிய அரளி

அந்தப் பால்வாடியில், பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் பாய்க்குப் பக்கத்திலேயே ஓர் அரளித் தொட்டி இருந்தது. சாமி படத்துக்குப் பூ ஆகுமே என்று டீச்சர் வசந்தகோகிலம் கொண்டுவந்து வைத்தது. சாமிக்கே என் பூதான் என்று அரளிக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள், சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருந்த பூவிழிக்கு அரளி இலை மேல் ஆசை வந்தது. கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். டீச்சர் பதறி ஓடிவந்து பிடுங்கி எறிந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது. கையோடு தொட்டியைத் தூக்கி மூலையில் இருந்த பீரோ மேல் வைத்தார்.

அரளி கீழே எட்டிப் பார்த்தது. பாய்க்குப் பக்கத்தில் கற்பூரவல்லித் தொட்டி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

"பாவம்டி நீ. என்னை எங்கே வெச்சிருக்காங்க பார்த்தியா?"

"பார்த்தேங்க்கா. என்னைத்தான் பிள்ளைங்க தினமும் கிள்ளித் தின்னுதுங்க," என்றது கற்பூரவல்லி.

"அதான், ஆளுக்குத் தக்க இடம்," என்று சொல்லிவிட்டு அரளி திரும்பியது. பக்கத்தில் பினாயில் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

"வாங்க, வாங்க," என்றது பினாயில். "ஒரு வாண்டு என் மூடியைத் திறந்து குடிக்கப் பார்த்துச்சு. அன்னைக்கே என்னை இங்கே ஏத்திட்டாங்க. நீங்க எப்படி?"

அரளி பினாயிலை விட்டுக் கொஞ்சம் தள்ளிச் சாய்ந்துகொண்டது.

"எனக்குக் காத்து வேணுமாம். அதான் ஜன்னலோரமா வெச்சிருக்காங்க," என்றது.

அந்த மூலையில் ஜன்னலே கிடையாது.