ஊசி போடாத டாக்டர்

கோவில்பட்டியில் கிளினிக் திறந்து மூன்று மாதம் ஆகியும் டாக்டர் ஹரிஹரனிடம் கூட்டமில்லை.

"இன்னைக்கும் ரெண்டே பேர்தானா?" என்று கேட்டார்.

"வாராவ சார். ஊசி கிடையாதுன்னதும் எந்திரிச்சு டெல்வின் டாக்டர்கிட்டப் போயிருதாவ," என்றாள் உதவியாளர் நேசம்மாள். "ஒரு ஊசி போட்டாத்தான் புதூர்ல இருந்து பஸ் ஏறி வந்ததுக்கு அர்த்தம்ங்காவ."

"எங்க கோயமுத்தூர்ல நாலு டெஸ்ட் எழுதினாத்தான் டாக்டர்னே நம்புவாங்க. இங்க ஊசியா? தேவையில்லாம குத்த என்னால முடியாது. இந்த மாசமும் இப்படியே போனா ஊருக்கே திரும்பிடறேன்."

மறுநாள் நேசம்மாள் டீ வாங்கப் போன நேரத்தில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் வந்தார். நூற்றியொரு டிகிரி காய்ச்சல்.

"மாத்திரை போதும். ஊசி வேண்டாம்," என்று தயங்கியபடியே சொன்னார் ஹரிஹரன்.

"ரொம்ப சந்தோசம் சார்."

"சாப்பாட்டுக்கு ரொட்டியும் பாலும்..."

"அதெல்லாம் உங்க ஊருக்கு. நான் கம்மங்கஞ்சியில மோர் ஊத்திக் குடிச்சுக்கிடுதேன்."

"சரி, குடிங்க. ஊசி கேட்காத முதல் ஆள் நீங்கதான்! பேர் சொல்லுங்க."

வந்தவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டெல்வின்."

"டாக்டர் டெல்வினா?"

"மெதுவா சார், என் பேஷண்டு யார் காதுலயாவது விழுந்திரப் போகுது. எனக்கு ஊசின்னா சின்னப் பிள்ளையில இருந்தே பயம். நீங்க ஊரை விட்டுப் போறதா நேசம்மா எல்லார்கிட்டயும் சொல்லுதா. போயிராதீங்க சார். அப்புறம் எனக்கு யாரு வைத்தியம் பாப்பா?"