பிரிண்டரில் வந்த பேராசிரியர் பதவி

தொடர்பியல் துறை ஆசிரியர் அறையில் மேஜை ஆறு, பிரிண்டர் ஒன்று. யார் எதை அச்சிட்டாலும் எழுந்து ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் போதும், பக்கத்து மேஜைக்காரர் எடுத்துப் படித்துவிட்டுக் கருத்தும் சொல்லிவிடுவார். செய்தி எப்படிப் பரவுகிறது என்று பாடம் நடத்துகிறவர்கள் ஆயிற்றே, சும்மா இருப்பார்களா?

அன்று வானொலிப் பாடம் எடுக்கும் மேடம் இருபத்திரண்டு பக்கத்தை அச்சுக்குக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏதோ புகைகிறது என்று மாணவர்கள் வந்து நிற்க, போட்டது போட்டபடி ஓடினார். அறையில் மிச்சமிருந்தவர் ஒரே ஒருவர். ஊடக அறம் கற்பிப்பவர். மாணவர்கள் வைத்த பெயர் அறம் சார்.

அறம் சார் பிரிண்டரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி பிரிண்டரைப் பார்த்தார்.

துறையில் காலியாக இருந்தது ஒரே ஒரு பேராசிரியர் பதவி. போட்டியில் நின்றவர்கள் அவரும் வானொலி மேடமும். வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரையைத் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். அறம் சார் மூன்று வாரமாக முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதிலும் தலைப்பைத் தவிர ஒரு வரி ஏறவில்லை.

வீட்டிலோ மனைவி பாதிச் சொந்தத்துக்குச் செய்தி சொல்லி முடித்திருந்தாள். "என் தம்பியே மேனேஜர் ஆயிட்டான். இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா நான் எந்த விசேஷத்துக்கும் தலைகாட்ட முடியாது, சொல்லிட்டேன்" என்று காலையில்தான் எச்சரித்திருந்தாள்.

இருபத்திரண்டு பக்கமும் அவருடைய பைக்குள் போயிற்று.

சாயங்காலம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். சந்தையில் ஒரு வதந்தி எத்தனை வாய் மாறினால் உண்மையாகிறது என்ற ஆராய்ச்சி. அடேயப்பா! நூற்றுக்கணக்கான வியாபாரிகளைப் பேட்டி கண்டு, ஒவ்வொரு வாயிலும் கதை எவ்வளவு நீண்டது என்று அட்டவணை போட்டு... அறம் சாருக்கு வயிறு எரிந்தது. இந்த அம்மாவுக்கு இவ்வளவு மூளையா? தலைகீழாக நின்றாலும் தனக்கு இப்படி ஒரு வரி வராது என்பதை ஒத்துக்கொண்டார். பிறகு தலைப்பை மட்டும் மாற்றி, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்தார். விரல் வீங்கிப் போயிற்று. நோகாமல் திருடினார் என்று யாரும் பழி சொல்ல முடியாது.

மறுநாள் மேடம் பிரிண்டரைத் தலைகுப்புறக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், நேத்து இதுல என் பேப்பர் ஏதாவது வந்துச்சா? யாராவது எடுத்துப் படிச்சாங்களா?"

"இந்தப் பாழாப்போன மெஷின் பாதியை முழுங்கிடும் மேடம். இன்னொரு தடவை போட்டுக்கோங்க."

வியாழக்கிழமையே அறம் சார் கட்டுரையைக் கொடுத்துவிட்டார். மேடம் வெள்ளிக்கிழமை கொடுத்தார். முந்திக்கொண்டவன் சொந்தக்காரன், பிந்தி வந்தவன் திருடன். அறம் சாரின் கணக்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை துறைத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. அறம் சார் போய்ச் சேரும்போது மேடம் அந்த அறையிலிருந்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார். போட்டுக் கொடுத்துவிட்டாள்! அறம் சார் அப்படித்தான் முடிவு கட்டினார்.

"உக்காருங்க சார்" என்றார் தலைவர். "சொல்லவே சங்கடமா இருக்கு. ரெண்டு கட்டுரையும் ஒண்ணுதான். தலைப்பைத் தவிர ஒரு எழுத்துகூட மாறலை."

"நான் அந்தப் பிரிண்டர் பக்கமே போகலைங்க!"

"பிரிண்டரா? நான் பிரிண்டர்னு ஒண்ணும் சொல்லலையே?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாயிற்று. அதற்கு மேல் அறம் சாரால் தாங்க முடியவில்லை. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். மேடம் ராப்பகலா உழைச்சு எழுதினதை நான்தான் எடுத்தேன். அதுல ஒரு வரி என்னோடது இல்லை. புத்தி கெட்டுப்போச்சு. வேலையை மட்டும் பறிச்சிடாதீங்க."



"என்ன சார் உளர்றீங்க? திருடினது அந்த அம்மா. எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு நூலகத்துல போய்ப் பார்த்தேன். ஒரு பழைய ஆய்வேட்டுல இருந்து அப்படியே உருவியிருக்காங்க. இப்பதான் ஒத்துக்கிட்டு அழுதுட்டுப் போறாங்க. சொந்த ஆய்வேட்டுல இருந்து நீங்க கட்டுரை எடுத்ததுல தப்பே இல்லை, பதவி உங்களுக்குத்தான்னு சொல்லத்தானே கூப்பிட்டேன்?"

மேஜை இழுப்பறையிலிருந்து தடித்த ஒரு புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். குரல் மாறியிருந்தது.

"உங்க முனைவர் பட்ட ஆய்வேடு. மூணாவது அத்தியாயம். இதை எழுதினது நீங்கதானே, சார்?"

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, வேறொருவர் எழுதிக் கொடுத்ததற்கு அட்டை கட்டி, மேலே பொன்னெழுத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட அன்றைக்கு, உள்ளே ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம் என்று அறம் சாருக்கு அப்போதுதான் தோன்றியது.