கழிப்பறைக்குப் பட்டு

தலைமையாசிரியை பூங்கோதை தன் கல்யாணப் பட்டுச்சேலையைப் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவாகத் தொங்கவிட்டதிலிருந்து தெருவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “டீச்சரம்மா கக்கூசுக்குப் பட்டு கட்டிட்டாங்கடி!” ஆனால் அதன்பிறகுதான் பெரிய வகுப்புப் பெண்கள் மட்டம்போடாமல் வந்தார்கள். அந்த வருஷம் எல்லாரும் பாஸ்.

பள்ளிக்கு எவ்வளவு நிதி வேண்டுமென்று கணக்கெடுக்க வந்த அதிகாரி, பட்டியலில் ‘கதவு’ என்றிருந்ததை அடித்தார்.

“கதவில்லாமலே நூறு சதவீதம் காட்டிட்டீங்களே மேடம், அப்புறம் எதுக்கு?”

மறுநாள் பூங்கோதை கழிப்பறை வாசலில் தொங்கிய சேலையை அவிழ்த்து மடித்துப் பைக்குள் திணித்தார். அடுத்த வருஷ ரிசல்ட்டைப் பார்க்கட்டும் என்ற வீம்பு.

இடைவேளை மணி அடித்ததும் எட்டாம் வகுப்பு மல்லிகா வந்து நின்றாள்.

“டீச்சர், பழையபடி இன்னிக்கு நான் கதவா நிக்கட்டுமா?”

பூங்கோதையின் கை பையின் ஜிப்பிலேயே நின்றது.