ஏன் ஒருத்தரும் வரல?

"ஊர்வலம் நடத்தியாச்சு, போஸ்டர் ஒட்டியாச்சு, பேச்சுப் போட்டியும் வச்சாச்சு. ஒரு பிள்ளைகூட லைப்ரரி பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேங்குதே, ஏம்மா?" தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார்.

"வாசல் வரைக்கும் வர்றாங்க சார். எட்டிப் பாத்துட்டுத் தலைதெறிக்க ஓடிடறாங்க," என்றார் எதிரே நின்ற நூலகர்.

"ஏன், உள்ள பேயா குடியிருக்கு?"

நாக்கு நுனிக்கு வந்த பதிலை நூலகர் மென்று விழுங்கினார்.

அப்போது கதவைத் திறந்து ஒரு மாணவி தலையை நீட்டினாள்.

"யாரது, கேக்காம என் ரூமுக்குள்ள நுழையறது?"

அந்த உறுமலில் அவள் மாயமானாள்.

நூலகருக்குப் பொறுமை போய்விட்டது. "சார், ஏசி இருக்குன்னு நீங்க போன வருஷம் மேசையோட இங்க குடிவந்துட்டீங்க. இதுதான் சார் லைப்ரரி!"

தலைமையாசிரியர் பின்னாலிருந்த புத்தக அலமாரியில் சாய்ந்துகொண்டார். "அது எனக்குத் தெரியாதாம்மா? நாள் முழுக்க நான் இங்கதானே உக்காந்து பாக்கறேன். ஒருத்தரும் வரலையே!"