அப்பாவை விட உயரமான மெழுகுவர்த்தி

அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் நான்காவதைச் செய்தேன்.

டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயை நறுக்கி, மேல் விளிம்பில் சூடான பசையைச் சொட்டுச் சொட்டாக வழியவிட்டு, ஆறியதும் வெள்ளை அடித்தால் போதும். பாதி எரிந்த மெழுகுவர்த்தி போலவே இருக்கும். உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு.

நிஜ மெழுகுவர்த்தி இந்த வருடம் கூடாது. அம்மாவின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது. வீட்டுக்குள் தீக்குச்சி உரசக் கூடாது, மனதுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்தார்கள்.

ஆனால் ஹாலோவீன் அன்று ஜன்னலை இருட்டாக விட முடியாது. இறந்தவர்கள் வழி தெரிந்து வீட்டுக்கு வர, ஆளுக்கு ஒரு வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் ஆளின் உயரத்துக்குத் தகுந்த உயரம். அது அப்பா ஆரம்பித்த விளையாட்டு.

அப்பாவுக்கு ஒன்று. சித்தப்பா மாலக்கிக்கு ஒன்று. நான் பிறக்கும் முன்பே, ஒரு வாரம் மட்டும் இருந்துவிட்டுப் போன அக்காவுக்குக் கட்டைவிரல் அளவில் ஒன்று.

நான்காவதை மாடியில் என் அறை ஜன்னலில் வைத்துவிட நினைத்திருந்தேன். அம்மாவால் இப்போது படி ஏற முடியாது.

பசை இன்னும் காயவில்லை.

"அது யாருக்குடி?"

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"சும்மா. அழகுக்கு."

"அழகுக்காம். கொண்டா இங்க."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவுடையதன் பக்கத்தில் வைத்து அளந்தாள்.

"உங்கப்பாவ விட உசரமா பண்ணியிருக்க. நாலே முக்கா அடி பொம்பளைக்கு இவ்ளோ பெருசா? அந்த மனுஷன் பாத்தா விடிய விடிய மொறைச்சுக்கிட்டு நிப்பாரு."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது.

"இல்லம்மா. உனக்குத் தேறிட்டு வருதுன்னுதான் டாக்டர் சொன்னாரு."

"தேறிட்டு வர்றவளப் பாக்க பாதிரியார் வாரத்துல ரெண்டு தடவ வருவாராக்கும்? அந்த பிரைடி, ஆப்பிள் பை கொண்டாந்தவ, வாசல்லயே உன் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. உள்ள வந்தா என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டேங்கறா. ஞாயித்துக்கெழம தவறாத உங்கண்ணன்கூட போன் பண்றதில்ல. எங்கிட்ட பேசுனா அழுதுடுவானோன்னு பயம். எனக்கென்ன ஒண்ணும் தெரியாதா, டெர்வ்லா?"

டாக்டர் சொன்னது உண்மை. ஆனால் அதை அவள் நம்ப வேண்டுமானால் நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லவில்லை.

"கோவமில்லடி," என்றாள் அம்மா. "செஞ்சது நல்லாத்தான் இருக்கு. ஆனா என் அளவுக்கு வெட்டிடு."

கத்தரிக்கோலை அவளே எடுத்து நீட்டினாள்.

மேலே பசை வழிந்திருந்ததால் அடியில் வெட்டினேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு வளையம் கழன்று வந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

நான்கையும் ஜன்னலில் வைத்து விளக்குகளைப் போட்டேன். தெருவில் முகமூடி போட்ட பிள்ளைகள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த விளக்குகள் காற்றில் அலைவதுபோல நடிக்கும். கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தால், அதே அசைவு அதே வரிசையில் திரும்பி வருவது தெரிந்துவிடும். அம்மா கூர்ந்து பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உங்கண்ணன் கோல்மன வரச் சொல்லுடி. ஆஸ்திரேலியாவுல சாரம் கட்டுனது போதும். நான் இருக்கும்போதே ஒரு தடவ பாத்துக்கறேன்."

"வெள்ளிக்கெழம வர்றான்மா."

வாயிலிருந்து வந்துவிட்டது. அது பொய்யுமில்லை.

அம்மா தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் கன்னத்தில் நிறம் வந்து நான் பார்க்கவில்லை.

"நெஜமாவா? ஏன்டி இவ்ளோ நேரம் சொல்லல? ஷானன் ஏர்போர்ட்டுக்கு யாரு போறா?"

"பாதிரியார் போறேன்னாரு. வண்டி பேசியாச்சு."

"பெரிய வண்டியா சொல்லியிருக்கியா? போன தடவ உன் கார்ல முழங்கால் தாடையில இடிக்க உக்காந்து வந்தான். அவனுக்குக் கால் நீட்ட எடம் வேணும்."

கைக்குள் இருந்த அட்டை வளையம் நசுங்கியது.

"நீளமான வண்டிதாம்மா," என்றேன்.

கறுப்பு நிறம் என்பதையும், அண்ணன் அதில் படுத்தபடிதான் வருவான் என்பதையும் மட்டும் சொல்லவில்லை.