வெற்றி வேட்கை: பூஜ்யம்

பனிச்சறுக்கு நடனத்தில் செவ்வந்தி தங்கம் வென்றாள். ஆனால் நிருபர்கள் கேட்டதெல்லாம் வேறு. ஒவ்வொரு வீராங்கனையின் வெற்றி வேட்கையையும் மணிக்கட்டில் கட்டிய பட்டை அளந்து, நொடிக்கு நொடி அரங்கத் திரையில் எண்ணாகக் காட்டும். செவ்வந்தியின் எண் பாதி ஆட்டத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது.

"விளையாட்டே வெறுத்துப்போச்சா மேடம்?"

பயிற்சியாளர் டெய்சி அவள் காதருகே குனிந்தார். "கருவி கோளாறுன்னு சொல்லிடும்மா, விட்டுடுவாங்க."

நான்கு வருஷமாக அந்த எண் குறைந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஆடியவள் அவள். இன்று மூன்றாவது தாவல் முடிந்து கால் பனியைத் தொட்டதும் பதக்கம், கேமரா எல்லாம் மறந்துபோய், வழுக்கிக்கொண்டு போகும் சுகம் மட்டும் மிஞ்சியது.

"கருவி சரியாத்தான் காட்டுச்சு," என்றாள். "அப்போ நான் ஜெயிக்கணும்னு ஆடல. ஆசையா ஆடிட்டு இருந்தேன்."

மறுநாள் தலைப்புச் செய்தி: 'ஜெயிக்க ஆசையில்லை: செவ்வந்தி ஒப்புதல்'.

படித்துச் சிரித்துவிட்டு, அவள் காலைப் பயிற்சிக்குக் கிளம்பினாள்.