கிழிந்த ஓரம்

"இதைப் பலகைன்னு சொல்லி விக்க உங்களுக்கு வெக்கமா இல்ல?"

கட்டடக்காரர் கையிலிருந்ததை மேஜைமேல் வீசினார். பலகையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி கிழிந்திருந்தன.

மாமனார் பதறி எழுந்தார். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து உருக்கி, பலகையாகப் பிழிந்தெடுக்கும் அந்தச் சின்னத் தொழிற்சாலை அவருடையது. மெஷினை நடத்துவது மருமகள். மகன் செய்ய வேண்டிய வேலையை இவள் செய்கிறாளே என்ற எரிச்சல் அவருக்கு என்றைக்கும் உண்டு.

கட்டடக்காரர் விடுவதாக இல்லை. கடையில் வாங்கி ஓட்டல் மொட்டைமாடி முழுக்கப் பதித்ததாகவும், அத்தனையையும் பெயர்த்து வந்து வாசலில் கொட்டப்போவதாகவும், இனி ஒருத்தரும் இவர்களிடம் பலகை வாங்காதபடி செய்யப்போவதாகவும் சொன்னார். குறை எங்கே என்று கண்ணால் பார்க்காமல் நகர மாட்டாராம்.

"கூட்டிட்டுப் போய்க் காட்டு. கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு," என்றார் மாமனார் மருமகளிடம். "எல்லாம் உன்னால வந்த வினை."

உள்ளே மெஷினின் இரும்பு வாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, அப்போதுதான் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். தள்ளி நில்லுங்கள் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், கட்டடக்காரர் தானாகவே பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த நொடி உள்ளே சிக்கியிருந்த நீராவி வெடித்து, சூடான கூழ் எதிர்ச்சுவர் வரை தெறித்தது. அவர் கண்ணைக்கூடக் கொட்டவில்லை.

"ஓரம் கிழியாம இருக்க என்ன பண்ணுவீங்க?" என்றார் சிடுசிடுப்பாக.

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தூளைக் காயவைப்பதும் மெழுகு சேர்ப்பதும் எல்லோரும் செய்வதுதான் என்றாள். "கூழைத் தள்ளுற திருகு சுத்துற வேகம்தான் சார் முக்கியம். ஓரம் கிழிஞ்சா வேகத்தைக் குறைக்கணும். அப்பவும் கிழிஞ்சா இன்னும் குறைக்கணும்."

அவர் மெஷினின் திரையை எட்டிப் பார்த்தார். அது வேகத்தை மிகக் குறைவாகத்தான் காட்டியது. இந்த ஒரு தடவை விட்டுவிடுவதாகச் சொல்லி, பலகை வெளியே வரும்வரைகூடக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.

கார் வாசலைத் தாண்டியதும் மருமகள் வேகத்தை மளமளவென்று ஏற்றினாள்.

மாமனார் அன்று முழுவதும் கரித்துக் கொட்டினார். முன்பின் தெரியாதவனிடம் தொழில் ரகசியத்தை ஒப்பித்துவிட்டாளாம். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். பதில் சொல்லச் சொன்னதே அவர்தான் என்பதை அவள் நினைவுபடுத்தவில்லை. அதன்பிறகு அவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எதிரே நிற்பவளிடம் தண்ணீர் கேட்கவும் மகனைக் கூப்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஆபீஸ் ஃபோன் அடித்தது. எடுத்த மாமனாரின் முகம் வெளிறியது. ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "அந்தக் கட்டடக்காரர். நீயே வாங்கிக் கட்டிக்க."

"நீ சொன்னதை நம்பித்தானே வேகத்தைக் குறைச்சேன்?" ஃபோனில் குரல் கத்தியது. "ஓரம் முன்னைவிட மோசமாக் கிழியுது. தூள் வேற உள்ளயே கருகி நாறுது. என்ன, விளையாடுறியா?"

மாமனார் அவளைப் பொசுக்கிவிடுவதுபோல் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"எந்த மெஷின்ல சார் குறைச்சீங்க?"